அக்குபங்சர்: எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது

ஆந்திர மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், சித்தூர் மாவட்டத்தின் குப்பம் வட்டாரத்தை அடுத்து, குடுபல்லி மண்டலம் அமைந்துள்ளது. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கிறது. கிழக்கே செல்லும் வண்டியில் ஏறினால் குப்பத்தைக் கடந்து தமிழ்நாட்டின் சோலையார்பேட்டையை அடையலாம். மேற்கே சென்றால் கருநாடகத்தின் பங்காருப்பேட்டை வந்துவிடும். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் இப்பகுதியில் தக்காளித் தோட்டம், மல்பெரிச் செடியும் பட்டுப்புழுவும், கறவை மாடு, கிரானைட் கல் வேலை ஆகியவை பலருக்கும் பிழைப்பு. அனைத்தும் குனிந்து நிமிரும் தொழில்கள். நாற்பது வயதைக் கடக்கும்போதே இடுப்பும் முழங்காலும் கழுத்தும் வலிக்கத் தொடங்குவது இங்கே புதுமையன்று.

வலியோடு வாழ்பவர் உறவினர் சொல்லும் வழிகளையெல்லாம் கேட்டுக்கொள்கிறார். குப்பத்தில் ஒரு மருத்துவமனை, வேலூரில் ஒரு மருத்துவமனை, அதன்பின் யாரோ ஒருவர் சொன்ன அக்குபங்சர் நிலையம் என்று பயணம் நீள்கிறது. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் இன்று அக்குபங்சர் பெயர்ப்பலகையைக் காணலாம். அதன் வாசலில் நிற்பவருக்கு மூன்று கேள்விகள் எழுவது இயல்பு. இதனால் எனக்கு என்ன கிடைக்கும்? எத்தனை நாளில் தெரியும்? ஊசி குத்துபவரை எப்படி நம்புவது? இம்மூன்றுக்கும் இயன்றவரை தெளிவான விடை தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீனத்திலிருந்து கொல்கத்தா வரை

பட்டுப்புழு வளர்ப்பைப் போலவே அக்குபங்சரும் சீனத்தில் தோன்றி உலகெங்கும் பரவிய கலை. சீனத்தின் மாவாங்துயி என்னுமிடத்தில், கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறையொன்று 1973-இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதிலிருந்த பட்டுச்சுவடிகள் உடலில் ஓடும் தடங்களைப் பற்றியும், மூலிகையை எரித்துச் சூடு காட்டும் சிகிச்சையைப் பற்றியும் பேசுகின்றன. ஆனால் ஊசியைப் பற்றி அவற்றில் குறிப்பில்லை. ஊசிச் சிகிச்சையை விரிவாக விளக்கும் 'மஞ்சள் பேரரசரின் அகமருத்துவ நூல்' அதற்குப் பிறகு தொகுக்கப்பட்டது. உடலில் 'சீ' எனப்படும் உயிர்விசை பன்னிரண்டு முதன்மைத் தடங்களில் ஓடுகிறது என்பதும், அது தடைப்படும்போது நோய் தோன்றும் என்பதும் அம்மரபின் கொள்கை. உலக சுகாதார நிறுவனம் 361 புள்ளிகளின் இருப்பிடங்களை வரையறுத்து வெளியிட்டுள்ளது.

இக்கலை தாயகத்திலேயே ஏற்றத்தையும் தாழ்வையும் கண்டது. 1822-இல் சீனப் பேரரசர் தாவோகுவாங் அரண்மனை மருத்துவக் கழகத்தில் இதைக் கற்பிப்பதைத் தடை செய்தார். 1949-க்குப் பிறகு மக்கள் சீன அரசு இதனை மீண்டும் ஊக்குவித்தது. 2010-இல் யுனெஸ்கோ அமைப்பு இதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பதிவு செய்தது.

இந்தியாவுக்கு இது வந்த கதை போர்க்களத்தில் தொடங்குகிறது. சப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய சீனத்துக்கு உதவ, 1938-இல் இந்திய தேசிய காங்கிரசு ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களுள் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிசு 1942-இல் சீன மண்ணிலேயே உயிர்நீத்தார். அக்குழுவிலிருந்த மற்றொருவர் வங்காளத்தைச் சேர்ந்த பிஜோய் குமார் பாசு. அவர் பின்னாளில் மீண்டும் சீனம் சென்று அக்குபங்சர் கற்றார். 1959-இல் கொல்கத்தாவில் இச்சிகிச்சையைத் தொடங்கினார். நவீன மருத்துவம் படித்த ஒருவரே இந்தியாவில் இதற்கு விதையூன்றினார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

சிகிச்சை அறையில் நிகழ்வது

முதன்முறை செல்பவருக்கு இயல்பாகவே ஊசியைப் பற்றிய அச்சம் இருக்கும். அக்குபங்சர் ஊசி மருந்து ஏற்றும் ஊசியைப் போன்றதன்று. அதற்குள் துளை இல்லை, மருந்தும் இல்லை. அதன் தடிமன் பெரும்பாலும் 0.20 முதல் 0.30 மில்லிமீட்டர் வரையே இருக்கும். சாதாரண ஊசியில் அது பாதிகூட இல்லை.

முறையாகப் பயின்றவர் முதலில் நோயின் வரலாற்றைக் கேட்பார். உண்ணும் மருந்துகளைக் குறித்துக்கொள்வார். மரபுப்படி நாடியையும் நாக்கையும் பார்ப்பார். பின்னர் நோயாளியைப் படுக்க வைத்து, தோலைத் தூய்மை செய்து, உறை பிரிக்காத புதிய ஊசிகளை எடுத்துக் குத்துவார். வழக்கமாக ஐந்து முதல் பதினைந்து ஊசிகள் வரை குத்தப்படும். 20 முதல் 30 நிமிடங்கள் அவை உடலில் இருக்கும். குத்திய இடத்தில் சற்றே கனமான, மந்தமான, கூச்சம் போன்ற உணர்வு தோன்றலாம். சுருக்கென்ற கூர்மையான வலி நீடித்தால் உடனே சொல்லிவிட வேண்டும். சில வேளைகளில் ஊசிகளை மெல்லிய கம்பியால் இணைத்து, குறைந்த அளவு மின்னோட்டமும் செலுத்துவர்.

ஊசி எடுத்தபின் ஒரு துளி இரத்தம், சிறு கன்றல், அன்றைய தினம் தூக்கக் கலக்கம் ஆகியவை ஏற்படுவதுண்டு. வெறும் வயிற்றில் செல்பவருக்கு மயக்கம் வரலாம் என்பதால், அளவான உணவுக்குப் பிறகு செல்வதே நல்லது. மார்பிலோ முதுகின் மேற்பகுதியிலோ ஊசி ஆழமாக இறங்கி நுரையீரல் உறையைத் துளைப்பது மிக அரிது. ஆயினும் நிகழ்ந்ததுண்டு. சிகிச்சைக்குப் பின் மூச்சுத் திணறலோ மார்பு வலியோ தோன்றினால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தமிழ்நாட்டில் பரவியுள்ள சில முறைகளில் ஒரே ஓர் ஊசியைக் குத்துவர். அல்லது ஊசியே இன்றி விரலால் ஒரு புள்ளியைத் தொடுவர். அடுத்துக் காணவிருக்கும் ஆய்வுகள், பல ஊசிகளைப் பல அமர்வுகளில் குத்தி நடத்தப்பட்டவை. அவற்றின் முடிவுகளைத் தொடு சிகிச்சைக்கும் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

ஆய்வுகள் சொல்வது

அக்குபங்சர் மீதான நம்பிக்கையும் ஐயமும் இரண்டுமே மிகைப்படுத்தப்படுகின்றன. எண்களைப் பார்த்தால் இரண்டும் தம் அளவுக்குச் சுருங்கிவிடும்.

ஒற்றைத் தலைவலியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 5,000 பேரை உள்ளடக்கிய 22 ஆய்வுகளை காக்ரேன் என்னும் பன்னாட்டு மருத்துவ ஆய்வுக் கூட்டமைப்பு 2016-இல் தொகுத்து ஆராய்ந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 17 பேருக்குத் தலைவலி வரும் நாள்கள் பாதியாகக் குறைந்தன. அக்குபங்சரும் பெற்றவர்களில் அது 100-க்கு 41 பேர். உண்மை ஊசியைப் போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் வேறுபாடு சிறியதாகவே இருந்தது: உண்மை ஊசிக்கு 50 பேர், போலி ஊசிக்கு 41 பேர். போலி ஊசி என்பது தவறான இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது, அல்லது குத்துவதுபோல் காட்டுவது.

இடுப்பு வலிக்கு ஜெர்மனியில் 1,162 பேரிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வும் இதே பாடத்தைச் சொல்கிறது. ஆறு மாதங்களுக்குப் பின் உண்மை ஊசி பெற்றவர்களில் ஏறத்தாழ 48 விழுக்காட்டினர் பயன் கண்டனர். போலி ஊசி பெற்றவர்களில் 44 விழுக்காட்டினர். மருந்தும் உடற்பயிற்சியும் கொண்ட வழக்கமான சிகிச்சையில் 27 விழுக்காட்டினர். 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2018-இல் வெளியான பகுப்பாய்வு, நாட்பட்ட வலியில் உண்மை ஊசி போலி ஊசியைவிடச் சற்றே மேலானது என்று கண்டது. கிடைத்த பயனில் பெரும்பகுதி ஓராண்டு வரை நிலைத்ததையும் அது காட்டியது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க பொருள் என்ன? வலி குறைவது உண்மை. அதில் ஒரு பங்கு ஊசியால் வருகிறது. ஊசி தோலுக்கு அடியிலுள்ள நரம்புகளைத் தூண்டும்போது, உடல் தானே சுரக்கும் வலிநீக்கிப் பொருள்கள் இதில் பங்கு பெறுகின்றன என்பதை 1970-களிலேயே ஆய்வுகள் சுட்டின. இன்னொரு பெரிய பங்கு, ஒருவர் அக்கறையோடு விசாரித்து, அரைமணி நேரம் அமைதியாகப் படுக்கவைத்து, நம்பிக்கை தருவதால் வருகிறது. 'சீ' ஓடும் தடங்களை உடற்கூற்றியலில் எவரும் கண்டறிந்ததில்லை. எனவே புள்ளியின் மர்மத்தைப் பற்றிய பெருமிதப் பேச்சுக்கு நாம் தனிக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கும் நல்ல சான்று உண்டு. மணிக்கட்டின் உட்புற மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவிலுள்ள புள்ளியைத் தூண்டுவது குமட்டலைக் குறைக்கிறது என்று 59 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் காக்ரேன் தெரிவித்தது. இப்புள்ளியை விரலால் அழுத்துவதும் இதில் அடங்கும்.

முழங்கால் தேய்மானத்தில் அறிஞர்களே கருத்து வேறுபடுகின்றனர். அமெரிக்க மூட்டு மருத்துவக் கல்லூரி 2019-இல் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனமோ 2022-இல் இதனை அளிக்க வேண்டாம் என்றது. அதே இங்கிலாந்து நிறுவனம் 2021-இல் காரணம் தெரியாத நாட்பட்ட வலிக்கு அக்குபங்சரைக் கருதலாம் என்று கூறியுள்ளது. மூட்டு தேய்ந்துவிட்டால் ஊசி அதனை வளர்த்துவிடாது. வலியைத் தாங்கும் ஆற்றலைச் சிலருக்குக் கூட்டலாம், அவ்வளவே.

உலக சுகாதார நிறுவனம் பல நோய்களுக்கு இதனை ஒப்புக்கொண்டுள்ளது என்று விளம்பரங்கள் முழங்குவதுண்டு. 1979-இல் அந்நிறுவனத்தின் இதழில் ஒரு பட்டியல் வெளியானது உண்மை. ஆனால் அது மருத்துவர்களின் அனுபவத்தை ஒட்டியது என்றும், கட்டுப்பாட்டு ஆய்வுகளின் முடிவாகக் கொள்ளத்தக்கதன்று என்றும் அங்கேயே கூறப்பட்டிருந்தது. அப்பட்டியலை மட்டும் காட்டி, அந்தக் குறிப்பை விட்டுவிடுவோரிடம் நாம் எச்சரிக்கையாக இருக்கலாம்.

கெடு ஒன்று வைத்துக்கொள்வோம்

வங்கியில் வைப்புத்தொகை செலுத்தும்போது அது முதிரும் நாள் நமக்குத் தெரியும். சிகிச்சைக்கும் அத்தகைய ஒரு நாளைக் குறித்துக்கொள்வது நன்மை தரும். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 2020 ஜனவரி முதல் நாட்பட்ட இடுப்பு வலிக்கு அக்குபங்சர் செலவை ஏற்கிறது. அதன் விதி எளியது. 90 நாள்களுக்குள் 12 அமர்வுகள். முன்னேற்றம் தெரிந்தால் மேலும் 8. முன்னேற்றம் இல்லையேல் சிகிச்சை நிறுத்தப்பட வேண்டும். ஆண்டுக்கு 20 அமர்வுகளுக்கு மேல் கிடையாது. தலைவலிக்கு இங்கிலாந்தின் வழிகாட்டுதல் ஐந்து முதல் எட்டு வாரங்களில் 10 அமர்வுகள் வரை என்று சொல்கிறது.

இவ்விதியை நாமும் கைக்கொள்ளலாம். தொடங்கும் முன் ஒரு குறிப்பேட்டில் வலியின் அளவை 0 முதல் 10 வரையுள்ள எண்ணாக எழுதிக்கொள்வோம். அதனோடு அன்றாடப் பயன்பாடு ஒன்றையும் குறிப்போம்: எத்தனை தூரம் நடக்க முடிகிறது, எவ்வளவு நேரம் குனிந்து களை பறிக்க முடிகிறது, இரவில் எத்தனை முறை வலியால் விழிப்பு வருகிறது. ஆறாவது அமர்வில் ஒருமுறையும், பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ மீண்டும் ஒருமுறையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். மாற்றம் இருந்தால் தொடரலாம். இல்லையேல் மனவருத்தமின்றி நிறுத்தலாம்.

நோய் வெளியேறும்போது வலி கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சிலர் கூறுவர். ஓரிரு நாள் மந்தமான வலி இருப்பது வேறு. வாரக்கணக்கில் நோய் முற்றுவது வேறு. இரண்டாவதை 'கழிவு வெளியேற்றம்' என்ற பெயரால் ஏற்றுக்கொள்ளலாகாது.

உடன்வரும் சிகிச்சைகள்

அக்குபங்சர் நிலையங்களில் வேறு சில முறைகளும் அளிக்கப்படுகின்றன. நம் சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புறமருந்துகளில் தொக்கணம், சுட்டிகை, உறிஞ்சல், குருதிவாங்கல் போன்றவை உண்டு என்பதால் இவை நமக்கு முற்றிலும் அயலானவை அல்ல.

மாக்ஸா என்பது உலர்ந்த மூலிகைத் திரியைக் கொளுத்தித் தோலுக்கு அருகே சூடு காட்டுவது. அம்மூலிகை நாம் பூச்சரத்தில் சேர்க்கும் மருக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்தது. இதமான வெப்பம் சிலருக்கு ஆறுதல் தரும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் காலில் இதனை ஏற்கவே கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்து, ஆறாத புண்ணாகிவிடும்.

குவளை வைத்து உறிஞ்சும் முறை, 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்சின் தோளில் தெரிந்த வட்டத் தழும்புகளால் உலகப் புகழ் பெற்றது. யுனானி மரபில் இதனை ஹிஜாமா என்பர். கழுத்து, முதுகு வலிக்குச் சிறிது காலம் இதம் தரக்கூடும். சான்று இன்னும் வலுவாக இல்லை. தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் வகையில், கருவி தூய்மையாக இல்லாவிட்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகள் தொற்றும் வாய்ப்புண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவி என்பதைக் கண்ணால் கண்டபின்னரே சம்மதிக்க வேண்டும்.

தாய்-சி என்னும் மெதுவான உடலியக்கப் பயிற்சியைப் பலரும் கவனிப்பதில்லை. முழங்கால் தேய்மானமுள்ள 204 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், 12 வாரம் தாய்-சி செய்தவர்கள் இயன்முறை சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையான பயன் அடைந்தனர். ஒருமுறை கற்றுக்கொண்டால் வீட்டு முற்றத்தில் செலவின்றிச் செய்யலாம்.

சீன மூலிகை மருந்துகளில்தான் மிகுந்த விழிப்பு தேவை. அவற்றின் பெருமைக்குச் சான்று உண்டு. மருக்கொழுந்தின் பேரினத்தையே சேர்ந்த ஒரு செடியிலிருந்து மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் மருந்தைக் கண்டறிந்த சீன அறிவியலாளர் தூ யூயூ, 2015-இல் நோபல் பரிசு பெற்றார். பழஞ்சுவடியில் கிடைத்த குறிப்பைச் சோதனைச்சாலையில் பிரித்தெடுத்து, பலமுறை சோதித்த பின்னரே அது மருந்தாயிற்று. மறுபுறம், 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. ஒரு மூலிகைக்கு மாற்றாகத் தவறுதலாகச் சேர்ந்த மற்றொன்றில் அரிசுட்டோலோகிக் அமிலம் இருந்ததே காரணம். நம் வேலியோரத்தில் வளரும் ஆடுதின்னாப்பாளையும் அதே செடிக்குடும்பம்தான். பெயரும் அளவும் எழுதப்படாத பொட்டலத்தை, அது எந்த நாட்டு மரபிலிருந்து வந்தாலும், உண்ணலாகாது.

எதிர்பார்க்கலாகாதவை

அக்குபங்சரால் நேரும் பெருந்தீங்கு பெரும்பாலும் ஊசியால் வருவதில்லை. செய்ய வேண்டிய மற்றொன்றைச் செய்யாமல் விடுவதால் வருகிறது. 'எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு வாருங்கள்' என்ற ஒரே வாக்கியம் ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றிவிடக்கூடும்.

முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். இரத்த அழுத்தம், வலிப்பு, தைராய்டு, இதயநோய் ஆகியவற்றுக்கான மருந்துகளும், குறைந்தது ஆறு மாதம் உண்ண வேண்டிய காசநோய் மருந்தும் அவற்றை எழுதிக்கொடுத்த மருத்துவரின் சொல்லின்றி நிறுத்தத்தக்கவை அல்ல. புற்றுநோயாளிக்குக் குமட்டலையும் வலியையும் தணிக்க அக்குபங்சர் துணை செய்யலாம். கட்டியை அது கரைக்காது. பிரசவத்தை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு மாற்றச் சொல்லும் அறிவுரையை எவரிடமிருந்தும் ஏற்கலாகாது. அத்தகைய அறிவுரையை நம்பி நேர்ந்த உயிரிழப்புகளையும், அவற்றைத் தொடர்ந்த வழக்குகளையும் அண்மை ஆண்டுகளில் தென்னகம் கண்டுள்ளது.

சில அறிகுறிகள் தோன்றினால் ஊசிக்கோ எண்ணெய்க்கோ நேரமில்லை. இடுப்பு வலியோடு கால் வலுவிழத்தல், சிறுநீர் அடக்க முடியாமை, காய்ச்சல், காரணமின்றி உடல் இளைத்தல். திடீரெனப் பிளப்பது போன்ற தலைவலி. மார்பு வலி. வாய் கோணுதல், ஒருபக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தப்பட வேண்டும். குடுபல்லி போன்ற சிற்றூரில் அந்நேரத்தில் ஒரு பகுதி பயணத்திலேயே கழிந்துவிடும். எனவே முதல் அழைப்பு 108-க்கே செல்ல வேண்டும். ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம் மூன்றிலும் இந்த எண்ணே ஆம்புலன்சைத் தரும்.

இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர், கருவுற்றவர், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் ஆகியோர் முன்கூட்டியே தெரிவித்து, தம் மருத்துவரையும் கலந்துகொள்ள வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் மின்னோட்ட ஊசியைத் தவிர்க்க வேண்டும்.

ஊசி யார் கையில்?

2003-இல் மத்திய அரசு, பதிவுபெற்ற மருத்துவர்களோ தக்க பயிற்சி பெற்றவர்களோ அக்குபங்சரை ஒரு சிகிச்சை வழியாகக் கையாளலாம் என்று ஆணையிட்டது. 2019-இல் இதனைத் தனிச் சிகிச்சை முறையாகவும் அங்கீகரித்தது. மேற்கு வங்காளம் 1996-லேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மகாராட்டிரமும் பின்னர் சட்டமியற்றி, பதிவுக்குத் தனி மன்றம் அமைத்தது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் அவ்வாறான தனிச் சட்டம் இல்லை. ஆகவே எல்லையின் எப்பக்கம் சென்றாலும், பெயர்ப்பலகையில் உள்ள பட்டத்தின் பொருளை நாமே கேட்டறிய வேண்டியிருக்கிறது. ஓராண்டுப் பட்டயம் பெற்றவரும், ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவ, யோக அறிவியல் பட்டம் பெற்றவரும் ஒரே தெருவில் பலகை வைத்திருக்கலாம். பின்னதன் பாடத்திட்டத்தில் அக்குபங்சர் இடம்பெறுகிறது. சென்னை அரும்பாக்கத்தில் அதற்கென அரசுக் கல்லூரியும் மருத்துவமனையும் உள்ளன.

முதல் சந்திப்பில் கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு. நீங்கள் எங்கே, எத்தனை ஆண்டு பயின்றீர்கள்? எந்த மன்றத்தில் பதிவு செய்துள்ளீர்கள்? ஊசி புதியதா, என் முன்னிலையில் உறையைப் பிரிப்பீர்களா? எத்தனை அமர்வுக்குள் மாற்றம் தெரிய வேண்டும்? தெரியாவிட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்? நேர்மையானவர் இவற்றுக்குச் சினங்கொள்ளார். கடைசிக் கேள்விக்கு அவர் தரும் விடையே அவரது தரத்தைக் காட்டும்.

செலவும் காப்பீடும்

அமர்வுக் கட்டணம் சிறிதாகத் தோன்றலாம். தினக்கூலி பெறுபவருக்குப் பன்னிரண்டு அமர்வு என்பது போக்குவரத்துச் செலவோடு பன்னிரண்டு நாள் கூலி இழப்பும் சேர்ந்தது. குடுபல்லியிலிருந்து குப்பத்துக்கோ சோலையார்பேட்டைக்கோ சென்று வருபவர் மொத்தத் தொகையை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். ஒரே அளவு பயன் தரும் பயிற்சியோ இயன்முறை சிகிச்சையோ அருகில் கிடைக்குமாயின் அதனையும் ஒப்பிட வேண்டும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவரிடம், முதல் நான்கு அமர்வுகளுக்கு மட்டும் செலுத்துகிறேன் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. செலுத்திய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெறுவது நமக்குப் பாதுகாப்பு.

மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை, 'ஆயுஷ் சிகிச்சைக்கும் பொருந்தும்' என்ற வரியைக் கண்டு அக்குபங்சரும் அடங்கும் என்று கருதிவிடக் கூடாது. ஆயுஷ் என்பது ஆயுர்வேதம், யோகமும் இயற்கை மருத்துவமும், யுனானி, சித்த மருத்துவம், சோவா-ரிக்பா, ஓமியோபதி ஆகியவற்றைக் குறிக்கும். அக்குபங்சரின் பெயர் அதில் தனியே இல்லை. மேலும் பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. அக்குபங்சரோ வந்துசெல்லும் சிகிச்சை. சிகிச்சையைத் தொடங்கும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து வடிவில் விடை பெற்றுக்கொள்வது வீண் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

நாட்பட்ட வலியும் அடிக்கடி வரும் தலைவலியும் உள்ளவருக்கு அக்குபங்சர் ஓரளவு நிவாரணம் தரக்கூடும். அந்த அளவைத் தெரிந்துகொண்டு, நாள் குறித்து, மற்ற மருந்துகளைக் கைவிடாமல், தகுதியுடையவரிடம் செல்பவர் ஏமாற்றமடைய மாட்டார். பன்னிரண்டாவது அமர்வின் முடிவில் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கும்போது, தொடரலாமா நிறுத்தலாமா என்பதை அதிலுள்ள எண்களே சொல்லிவிடும்.